பத்து நிமிடம் படுத்திருங்கள்

ஞாயிறு காலை

என்னங்க,

நானும் சின்னதும் இங்கே சௌக்கியம். நீங்களும் சௌக்கியம் என்று போன கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருந்தீர்கள். ஒரே இடத்தில் எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.

போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்பீர்கள். எனக்கு வேண்டிய பேச்சு வரும்போதெல்லாம் உங்கள் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் நிறுத்தும் வரை நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் என் செய்தி. போன வாரம் அலுவலகத்தில் எங்கள் பதினெட்டுப் பேருக்கும் ஐந்து நாள் இதயப் பயிற்சி நடந்தது. என் வேலையைப் பற்றி அங்கே உங்கள் கூட்டாளிகளிடம் என்ன சொல்வீர்கள் என்று தெரியும்: "மருந்து கம்பெனில ஏதோ செக் பண்றா." அதில் தப்பொன்றும் இல்லை. புது மருந்தை, சம்மதித்தவர்களுக்கு மருத்துவமனையில் கொடுத்துப் பார்க்கிறார்கள். நான் ஒவ்வொரு மருத்துவமனையாகப் போய், காகிதத்தில் இருப்பதும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருப்பதும் ஒன்றா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். அந்த வேலைக்குப் பெயர்தான் மானிட்டர். இரண்டு வருடமாக இதயம் பலவீனமானவர்களுக்கான மருந்து. அந்த இரண்டு வருடத்தையும் இதயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமலே ஓட்டியிருக்கிறேன் என்பது போன வாரம்தான் தெரிந்தது.

பாடம் எடுத்த இதய டாக்டருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். வந்ததும், "எல்லாரும் உங்க இதயத்து மேல கை வைங்க" என்றார். பதினெட்டுப் பேரும் சினிமாவில் வைக்கும் இடத்தில் வைத்தோம். "அங்க ஒண்ணும் இல்ல, நடுவுக்கு வாங்க" என்று ஒவ்வொருவராகக் கையை நகர்த்த வைத்தார். நாற்பத்து மூன்று வயதில் என் இதயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

ஈசிஜி காகிதத்தில் இருக்கும் அலைகளை அளக்க, இரண்டு ஊசிமுனை உள்ள கருவி வேண்டும். கொண்டுவந்தது எல்லோருக்கும் போதவில்லை. சின்னதின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து டிவைடரை எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கென்று பார்த்து அவளுக்குக் கணக்கு டெஸ்ட். சாயங்காலம் வாசலிலேயே மறித்து, "நான் உன் பையில கை விட்டா திருட்டு, நீ என் பாக்ஸ்ல கை விட்டா பயிற்சியா?" என்று கேட்டாள். அச்சு அசல் நீங்கள்தான்.

மூன்றாம் நாள்தான் விஷயம். ஒருவரைப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்துக் காட்ட வேண்டும். எங்களில் 'காற்புள்ளி' என்று ஒருவர் உண்டு. அறிக்கையில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார், அதனால் அந்தப் பெயர். அன்றைக்கு அவர் தாமதம். வண்டியை எங்கேயோ நிறுத்திவிட்டு ஓடிவந்தவரை அப்படியே படுக்கவைத்தார்கள். இயந்திரம் ஒரு எண்ணை அச்சடித்து, பக்கத்தில் 'அசாதாரணம்' என்றும் போட்டுவிட்டது. காற்புள்ளியின் முகம் வெளுத்துப்போனது. டாக்டர் அலட்டிக்கொள்ளாமல், "பத்து நிமிஷம் அப்படியே படுத்திருங்க" என்றார். மறுபடி எடுத்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது.

பிறகுதான் விளக்கினார். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்ததற்குத் தயாராகக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரம் மிகவும் நீண்டால் ஆபத்து. சில மருந்துகள் அதை நீட்டிவிடும், அதனால்தான் அளக்கிறோம். ஆனால் இதயம் வேகமாக அடிக்கும்போது அந்த நேரம் தானாகச் சுருங்கும். அதைச் சரிக்கட்ட ஒரு கணக்குப் போட வேண்டும். இயந்திரம் தானாகப் போட்ட கணக்கு, வேகமாக ஓடும் இதயத்தில் எண்ணை ஊதிப் பெரிதாக்கிவிடும். அதனால் எங்கள் ஆய்வுத் திட்டத்தில் வேறு கணக்கைப் போடச் சொல்லியிருக்கிறது. பத்து நிமிடம் படுக்கவைத்த பிறகே எடுக்கவும் சொல்லியிருக்கிறது. இரண்டையும் நான் நூறு தடவையாவது படித்திருப்பேன்.

"இவர் எப்படி வந்தார்னு யாராவது கேட்டீங்களா?" என்றார் டாக்டர். யாரும் கேட்கவில்லை. எனக்கு ஒரு பஸ் டிரைவர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

அவர் ஓய்வு பெற்றவர், எங்கள் ஆய்வில் சேர்ந்தவர். அவருக்குக் கிடைப்பது மருந்தா, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையா என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆனாலும் காலி அட்டைகளை ஒன்று விடாமல் பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். போன மாதம் அவருடைய ஈசிஜியில் அந்த நேரம் 487 என்று வந்தது. எங்கள் எல்லை 480. மாத்திரையை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் போனேன், காகிதத்தில் 487, கம்ப்யூட்டரில் 487, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அந்த ஆய்வு அறை மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் வாரக்கணக்கில் ஓடவில்லை. நானும் அதே படிகளில் ஏறிப்போய், மூச்சு வாங்க நர்ஸ் அக்காவின் நாற்காலியில் விழுந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தேன். 'லிஃப்ட் இல்லை' என்று என் பயணக் குறிப்பிலேயே இருக்கிறது. டிரைவர் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டது 10.02. ஈசிஜி எடுத்தது 10.05. இரண்டு நேரத்தையும் என் கண்ணால் பார்த்தேன். இரண்டும் சரியாக ஏற்றப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தேனே தவிர, நடுவில் மூன்றே நிமிடம்தான் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தக் காகிதத்தின் நகலை எடுத்து, சின்னதின் டிவைடரை வைத்து அளந்தேன். எங்கள் கணக்குப்படி 441. எல்லைக்கு வெகு கீழே. பேச்சுவாக்கில் நர்ஸ் அக்காவிடம் அவரைப் பற்றி விசாரித்தேன். காய்கறி வாங்கக்கூட அவர் வீட்டை விட்டு இறங்குவதில்லையாம். "எப்ப வேணா நின்னுடும்னு சொல்லிட்டாங்கல்ல" என்கிறாராம்.

நிறுத்தி முப்பது நாளுக்குள் என்றால், பாதுகாப்பைக் கவனிக்கும் டாக்டர் அனுமதித்து அவரை மறுபடி சேர்க்கலாம். அதற்குப் பிறகு முடியாது. இன்றைக்கு இருபத்து மூன்றாம் நாள்.

காற்புள்ளியிடம் மட்டும் சொன்னேன். "புதுசா கண்ணுல பட்ட மாதிரி ஆஸ்பத்திரிக்கு ஒரு கேள்வி அனுப்பிடுங்க. நீங்க கையெழுத்துப் போட்டதை நீங்களே எதுக்குப் போய்ச் சொல்றீங்க?" என்றார். அப்படிப் போகும் கேள்விக்குப் பதில் வர மூன்று வாரம் ஆகும். மேலாளரிடம் நேரே போய் என் தவறு என்று சொன்னால் அன்றைக்கே வேலை நடக்கும். ஆனால் அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது. ஒன்பது வருடம் வீட்டில் இருந்துவிட்டுக் கிடைத்த வேலை இது. அதை இழக்க எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

இனி உங்கள் செய்தி. துறைமுகக் கிரேன் ஏணியில் பாதி தூரத்தில் இருக்கும் தட்டில் நின்று 'கடலை வேடிக்கை பார்த்துவிட்டு' ஏறுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடமாகக் கிரேன் ஓட்டுகிறீர்கள். கடல் இப்போதுதான் உங்கள் கண்ணில் பட்டதா? பதில் எழுதுங்கள். நாளைக்கு எனக்கு வாய் திறக்க வேண்டும் என்று அங்கிருந்தே நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மானிட்டரம்மா


செவ்வாய் மதியம்

என்னங்க,

சொல்லிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்த நான்கு வரி.

மேலாளர் முழுவதையும் கேட்டுவிட்டு, "இதை யார் சரிபார்த்தது?" என்றார். நான்தான் என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். திட்டுவார் என்று நின்றிருந்தேன். "இன்னும் எத்தனை பேர்?" என்று கேட்டார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

லிஃப்ட் ஓடாத ஆறு வாரத்தில் எடுத்த ஈசிஜி மொத்தம் பத்தொன்பது. உட்கார்ந்து எல்லாவற்றையும் அளந்தேன். நான் கூப்பிடாமலே காற்புள்ளி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் சொன்னதை மறந்துடுங்க" என்று மட்டும் சொன்னார். வேறு யாரும் எல்லையைத் தாண்டவில்லை. இயந்திரத்தின் எண்ணை நம்பித் தவறாக நிறுத்தப்பட்டவர் டிரைவர் ஒருவர்தான்.

மேலாளர் அப்போதே பாதுகாப்பு டாக்டரைக் கூப்பிட்டுப் பேசினார். வியாழக்கிழமை மறுபடி ஈசிஜி. அன்றைக்கு இருபத்தேழாம் நாள். என் ஒப்பந்தத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சின்னதுக்குப் புது டிவைடர் வாங்கிக் கொடுத்தேன். பழையதும் தன்னுடையதுதான் என்கிறாள்.

உங்கள் மானிட்டரம்மா


மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை

என்னங்க,

உங்கள் பதில் வந்தது. என்னைப் பாராட்டி ஒன்றரைப் பக்கம். உங்களைப் பற்றி ஒரே வரி: 'எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்.' அதற்குக் கடைசியில் வருகிறேன்.

டிரைவர் மாத்திரைக்குத் திரும்பிவிட்டார். அந்த வியாழக்கிழமை நானும் போயிருந்தேன். லிஃப்ட் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நர்ஸ் அக்கா ஈசிஜி இயந்திரத்தையே கீழ்த்தளத்துக்கு இறக்கிவைத்துவிட்டார். டிரைவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அடி அடியாக வைத்து வந்தார். முன்பு பார்த்த ஆள்தானா என்று இருந்தது. படுக்கவைத்து அக்கா கடிகாரத்தைக் காட்டியதும், "முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன், சிக்னல்லகூட பத்து நிமிஷம் நின்னதில்லம்மா" என்றார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

எங்கள் கணக்கில் 428. நடந்த தவறை மருத்துவமனை டாக்டர் அவரிடம் ஒளிக்காமல் சொன்னார். டிரைவர், "அப்ப இத்தனை நாள் சும்மாவா பயந்துகிட்டு இருந்தேன்?" என்று கேட்டார். நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரே தொடர்ந்து, "சரி, இனிமே காய்கறி வாங்கப் போலாம்ல?" என்றார். போகலாம் என்று டாக்டர் சொன்னதும் மகளைப் பார்த்து, அவள் இந்த மாதம் வாங்கிவந்த தக்காளி ஒன்றுகூடச் சரியில்லை என்று குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். மறுநாள், இருபத்தெட்டாம் நாள், அனுமதி வந்தது.

இப்போது ஈசிஜி அறை வாசலில் ஒரு நாற்காலியும் சுவரில் ஒரு கடிகாரமும் வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களிடம் எப்படி வந்தீர்கள் என்று கேட்டு எழுத ஒரு கட்டமும் சேர்த்தாகிவிட்டது. அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொல்லி எழுதியது நான். காற்புள்ளி அதில் இரண்டு இடத்தில் திருத்தினார்.

என் ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்குப் பதில் ஆறு மாதத்துக்கு நீட்டியிருக்கிறார்கள். "இந்த ஆறு மாசமும் நீங்க பாக்கறதை நான் பாப்பேன்" என்றார் மேலாளர். பார்க்கட்டும். வேலை போகவில்லை, அது போதும். போயிருந்தாலும், டிரைவர் தக்காளியைப் பற்றிப் பேசியதைக் கேட்ட பிறகு எனக்கு வருத்தம் இருந்திருக்காது.

இப்போது குத்துக்கல்லுக்கு வருகிறேன். டாக்டரிடம் போனால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். நீங்கள் எழுதவில்லை, எனக்குத் தெரியும். மேலாளர் அறை வாசலில் எனக்கும் அதே பயம்தான் இருந்தது. உங்கள் அப்பாவைப் பற்றி நான் இதில் எழுதப் போவதில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று அவருக்கு என்ன வயது என்பது உங்களுக்கே தெரியும். உங்களுக்கு இப்போது என்ன வயது என்பதும் தெரியும். ஒன்றும் இல்லாமல் பயந்து உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்துவிட்டேன். ஏதோ இருந்தும் பயத்தில் மறைக்கிற ஒருவரை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கிரேனிலிருந்து இறக்கிவிட்டால் இறங்கி வாருங்கள். தரையில் பிழைத்துக்கொள்ளலாம்.

உங்கள் குடியிருப்புக்கு வாரம் ஒரு நாள் டாக்டர் வருகிறார் என்று நீங்கள்தான் ஒருமுறை சொன்னீர்கள். இந்த வாரமே போங்கள். ஏணியில் மூச்சு வாங்குகிறது, பாதியில் நிற்கிறேன் என்று உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். கடலைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஈசிஜி எடுக்கச் சொன்னால் வேலையிலிருந்து ஓடிப்போய்ப் படுக்காதீர்கள். பத்து நிமிடம் அசையாமல் படுத்திருங்கள். அந்தப் பத்து நிமிடமும் என்னையும் சின்னதையும் நினைக்காதீர்கள், இதயம் வேகம் பிடித்துவிடும். எடுத்து முடித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் சொல்வதை எழுதி, ஈசிஜி காகிதத்தின் நகலையும் உடனே அனுப்புங்கள். இந்தக் கடிதத்தை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது சின்னது எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, பழைய டிவைடரை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

காத்திருக்கிறோம்.

உங்கள் மானிட்டரம்மா