பதினான்கு பாஸ்போர்ட்டுகள்

என் வீட்டு மகாராணிக்கு,

இன்னும் படபடப்பு அடங்கவில்லை, அதனால் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். தோட்டம் அமைக்கும் எங்கள் கம்பெனிக்குச் செடி தரும் நாற்றுப்பண்ணையைச் சோதிக்க இன்று என்னை அனுப்பினார்கள். என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களிடம், பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும் என்பது புது விதி. தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "பாஸ்போர்ட் எங்கேம்மா?" என்று கேட்டேன். அவள் ஆபீஸ் ஜன்னல் வழியே தெரிந்த பூட்டிய அலமாரியைப் பார்த்தாள்.

பண்ணை முதலாளியிடம் போய்க் கேட்டேன். சிரித்தார். "தொலைச்சிடுவாங்க சார், அதான் நானே பத்திரமா வச்சிருக்கேன்."

"இப்பவே திருப்பிக் குடுங்க. இல்லன்னா உங்க செடி ஒண்ணுகூட எங்களுக்கு வேண்டாம்."

என் குரலா அது என்று எனக்கே ஆச்சரியம்! அவர் எங்கள் மேனேஜரம்மாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். "அவர் சொன்னா கம்பெனி சொன்ன மாதிரிதான்" என்று அந்தம்மா பட்டென்று வைத்துவிட்டார்.

அலமாரி திறந்தது. பதினான்கு பேருக்கும் அவரவர் பாஸ்போர்ட் கைக்கு வந்தது! அந்தப் பெண் தன் போட்டோவைப் பார்த்து, "அப்போ எவ்வளவு குண்டா இருந்திருக்கேன்!" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

நம் மகள் பிறந்தபோது ஊருக்கு வர லீவு கிடைக்கவில்லை என்றேனே, அது பொய். அப்போது என் பாஸ்போர்ட்டும் பழைய முதலாளியின் பூட்டுக்குள் இருந்தது. நீ பயப்படுவாய் என்று மறைத்தேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். நேரில் சண்டை போடு.

உன் பொய்க்காரன்