பூசைக்குத் துடைத்த துணி

கார்த்திகை 11, செவ்வாய்

சேத்தூரில் வாங்கி வந்த புதுப் பசுவுக்கு இன்று காலையில் வாயெல்லாம் நுரை. மாட்டு டாக்டர் பார்த்ததுமே கோமாரி என்று சொல்லிவிட்டார்.

"நல்லவேளை, நான் சொன்னபடி தனியாக் கட்டிட்டீங்க. மத்த மூணும் தப்பிச்சிரும்மா."

"இவ கணக்குப்புள்ளைலா சார்! எந்த வாளி எந்த மாட்டுக்குன்னு பெயிண்டால எழுதி வச்சிருக்கா," என்று இவர் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் புதுப் பசுவின் முகத்தையும் வாயையும் ஈரத்துணியால் துடைத்துப் பொட்டு வைத்தேன். அதே துணியோடுதான் தொழுவத்துக்குப் போய் மற்ற மூன்றின் முகத்தையும் துடைத்தேன். மகாலட்சுமியைத் தொட்ட துணி என்று அலசக்கூட இல்லை. டாக்டர் வண்டியை எடுக்கும்வரை சொல்ல வாய் வரவில்லை.

சாயங்காலம் அந்த மூன்றில் செவலை தவிட்டுத் தண்ணீரை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எட்டு மாதச் சினை அது. என்னவென்று வாயைத் திறந்து பார்க்கத் தைரியம் இல்லை.

"என்னட்டி, உம்முன்னு இருக்க?" என்று இவர் கேட்டார். தலைவலி என்றேன்.

ஆண்டாளே, விடிந்ததும் இவரிடமும் டாக்டரிடமும் சொல்லிவிடுகிறேன். தப்பு என்னுடையது. அந்த வாயில்லாத ஜீவனையும் வயிற்றில் இருப்பதையும் மட்டும்...