அறையில் இரைச்சல் நின்ற பிறகு

மார்ச் 4, செவ்வாய்

மனுவைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கையில் கணினி தானே அணைந்தது. பெட்டி தொட முடியாதபடி சுட்டது. பக்கத் தகட்டைக் கழற்றி மீண்டும் இயக்கிப் பார்த்தேன்: செயலியின் மேலுள்ள சிறு விசிறி சுற்றுகிறது, பெட்டியின் விசிறிகள் மூன்றும் அசையவில்லை. மனைவியின் தம்பி, என்னுடனேயே வக்கீல் தொழில் செய்பவன், எட்டிப் பார்த்து, "விடுங்க அத்தான், இப்பத்தான் காதுக்கு நிம்மதியா இருக்கு" என்றான்.

கிடங்குத் தீ வழக்கில் சாட்சி விசாரணை பதினெட்டாம் தேதி. தீப்பிடித்தபோது கிடங்கின் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்ததைக் கண்டவர் ஒரே ஒரு பெண். அங்கே கணக்கு எழுதியவர். மிரட்டல் வந்ததால் அவரை மகளுடன் வேறிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். எவ்விடம் என்பதை எந்தக் காகிதத்திலும் குறிப்பதில்லை, இதிலும் இல்லை. மைத்துனனுக்கும் சொல்லவில்லை. அவன்மீது ஐயம் எதுவும் கிடையாது. நெறி அது.

மார்ச் 6, வியாழன்

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, விசிறியின் இறக்கையைப் பென்சிலால் தள்ளினேன். தடையின்றிச் சுற்றியது. தூசியும் அதிகமில்லை. பிறகுதான் கவனித்தேன், மூன்றின் கம்பிகளும் மதர்போர்டிலிருந்து விலகியிருந்தன. அழுத்திப் பொருத்தியதும் மூன்றும் சுழன்றன. ஒன்று தளர்ந்து கழன்றிருக்கலாம். மூன்றுமா?

மார்ச் 7, வெள்ளி

விசிறிகள் ஓடுகின்றன. மைத்துனன் இரண்டு முறை காதைப் பொத்திக் காட்டினான்.

மார்ச் 11, செவ்வாய்

மீண்டும் நின்றுவிட்டன. நேற்றே நின்றிருக்க வேண்டும். வேலை மும்முரத்தில் நான் கவனிக்கவில்லை. இம்முறை கம்பிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கணினி பழுதுபார்ப்பவரை வரவழைத்தேன். கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையில், மூன்று விசிறிகளும் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதைக் காட்டினார்.

"இது தானா மாறாது சார். யாரோ உள்ள போயி நிறுத்தியிருக்காங்க. உங்க மெஷின் மேல யாருக்காச்சும் கோவமா?"

சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். மைத்துனனைக் கேட்டதற்கு, அதன் பக்கமே தான் போவதில்லை என்றான். கேட்டு முடிக்கும் முன்பே சொன்னான்.

கெடுப்பதுதான் நோக்கமென்றால் ஒரு குவளைத் தண்ணீர் போதுமே. கோப்புகள் ஒன்றும் குறையவில்லை. விசிறி நின்றால் யாருக்கு என்ன லாபம்?

மார்ச் 13, வியாழன்

முன்பக்க மூடியைத் துடைப்பதற்காகக் கழற்றினேன். வலைக்குப் பின்னால், விசிறிக்கு நேர் எதிரே, தீப்பெட்டி அளவில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி ஒட்டப்பட்டிருந்தது.

விசிறி ஓடினால் அதில் காற்று மட்டுமே பதிவாகும். நிறுத்தியவனுக்குக் கணினியைப் பற்றிக் கவலையே இல்லை. அறை அமைதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திங்களன்று இதே மேசையில், கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் தொலைபேசியில் பேசினேன். விசாரணையன்று அவரை அழைத்துவர வண்டி எந்தத் தெருவுக்கு வரும், எந்த வாசலில் நிற்கும் — எல்லாத்தையும் சொன்னேன். எழுதக் கூடாது, எழுதக் கூடாதுன்னு இருந்தேனே, வாய் விட்டுச் சொல்லிட்டேனே. என்ன மனுஷன் நான்.

அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று என்னிடம். மற்றது யாரிடம் என்பது சந்தர்ப்பச் சாட்சியம் மட்டுமே; நிரூபணம் ஆகாது.

தெருவுக்கு வந்து அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தேன். உடனே எடுத்தார்.

"இப்பத்தான் சார் ரெண்டு பேரு வந்துட்டுப் போனாங்க. குடிக்கத் தண்ணி கேட்டாங்க. குடுத்தேன்."

மார்ச் 14, வெள்ளி

பாதுகாப்புக் கோரி மனு தாக்கல் செய்தேன். வேறிடம் பார்க்கட்டுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டதற்கு, வேண்டாம், தானே நீதிமன்றத்துக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். குரலில் பயமே இல்லை. அதுதான் என்னை உறங்கவிடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

வந்தார். கூண்டில் ஏறினார். கதவு திறந்தே இருந்தது என்றார். முன்பு சொன்னது தவறா என்று கேட்டேன், ஆமாம் என்றார். ஒருமுறைகூட என்னைப் பார்க்கவில்லை.

வெளியே நடைவழியில் என்னைக் கடக்கும்போது மட்டும் நின்றார்.

"பள்ளிக்கூடத்துல எம் பொண்ணு எந்த பெஞ்சில உக்காருறான்னு அவங்களுக்குத் தெரியுது சார்."

மைத்துனன் என் வழக்குக் கட்டுகளை அடுக்கி எடுத்து வந்தான். "வாங்க அத்தான். அக்கா சாப்பிடாம காத்துட்டு இருப்பா" என்று வண்டியின் முன்கதவைத் திறந்து பிடித்தான்.

நான் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன். வீடு வரும்வரை, வண்டியை ஓட்டியபடி, தலைக்கு மேலிருந்த சிறு கண்ணாடியில் அவன் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான்.