ஒரு வயது நிறைந்ததும் நிறுத்தப்பட்ட செவ்வாய்க்கிழமை வகுப்பு

அனுப்புநர்:
பதிவு எண் 212-இல் உள்ள பெண் குழந்தையின் தாய்,
(மூக்குக்கண்ணாடிக் கடைப் பணியாளர்)
மூன்றாம் மாடி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்க் கட்டடம்.

பெறுநர்:
தாய் சேய் நல அலுவலர் அவர்கள்,
தாய் சேய் நல அலுவலகம்.

பொருள்: பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்விலிருந்து மீண்ட தாய்மார்களுக்கான இணையவழி வகுப்பு – குழந்தைக்கு ஒரு வயது நிறைந்ததால் பாதியில் நீக்கப்பட்டது – மீண்டும் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. கடைத்தெருவிலுள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணளவு எடுத்து, லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது என் வேலை. என் கணவர் சரக்கு லாரி ஓட்டுநர். வாரத்தில் நான்கு நாள் வெளியூரில் இருப்பவர். எங்கள் மகளுக்கு இப்போது பதினான்கு மாதம்.

2. அவள் பிறந்த மூன்றாம் வாரம் முதல் எனக்கு உடம்பு சரியில்லை. உடம்பு என்றுதான் அப்போது எல்லோரும் சொன்னோம். அவள் அழுவது பக்கத்து வீட்டு வானொலி போலக் கேட்கும். பசிக்கு அழுகிறாள் என்று தெரியும், கை எழாது. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். என் விஷயத்தில் பெற்ற மனம் கல்லாகக் கிடந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. மறைத்தால் இந்த மனுவுக்கு அர்த்தமில்லை என்பதால் எழுதுகிறேன்.

3. இரண்டாம் மாடியில் குடியிருக்கும் என் நாத்தனார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தார். நான் சிகிச்சை பெற்று எட்டாம் மாதம் தேறினேன் (மருத்துவச் சான்று இணைத்துள்ளேன்). தேறிய அன்றே கீழே இறங்கிப் போய்க் கையை நீட்டினேன். குழந்தை என்னை ஒரு முறை பார்த்துவிட்டு நாத்தனாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் மேல் தவறில்லை. வந்தது யாரென்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

4. பத்தாம் மாதக் கடைசியில்தான் தங்கள் அலுவலகம் நடத்தும் இணைய வகுப்பு பற்றித் தெரியவந்தது. செவ்வாய்தோறும் காலை பதினொரு மணி. மொத்தம் பதினாறு வாரம். கடை முதலாளி அந்த ஒரு மணி நேரம் என்னை வீட்டுக்கு அனுப்பினார். நாத்தனார் குழந்தையை என் மடியில் விட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வார். திரையில் ஒரு செவிலியர், என்னைப் போல ஐந்து தாய்மார்கள். செவிலியர் முதல் நாள் சொன்னது இது: "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்மா. பாப்பா எங்க பாக்குறாளோ, அங்க நீங்களும் பாருங்க. அது போதும்." மகள் மின்விசிறியைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். முதல் மூன்று வாரம் நாங்கள் பார்த்தது மின்விசிறி மட்டுமே. ஆறாம் வாரம் அவள் விசிறியை விட்டுவிட்டு, நான் பார்க்கிறேனா என்று திரும்பி என்னைப் பார்த்தாள். திரையில் இருந்த ஐந்து தாய்மார்களும் கைதட்டினார்கள். பழுதில்லாத கண்ணாடிக்காக எத்தனையோ கண்களை அளந்திருக்கிறேன். ஒரு பார்வை என்னைத் தேடி வந்தது அன்றுதான்.

5. அடுத்த செவ்வாய் இணைப்பு திறக்கவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, "குழந்தைக்கு ஒரு வயசு ஆயிடுச்சும்மா, சிஸ்டம் எடுக்காது" என்று பதில் வந்தது. நேரில் மூன்று முறை வந்தேன். விதி அப்படி என்றார்கள். விதியைக் குறை கூறவில்லை. பிறந்த நாளிலிருந்து எண்ணினால் என் மகளுக்கு ஒரு வயது ஆகிவிட்டது. அவள் எனக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணினால் அவளுக்கு அப்போது ஆறு வாரம்.

6. அவள் இப்போது நாத்தனாரை அம்மா என்று அழைக்கிறாள். அதை நிறுத்த நான் கேட்கவில்லை. பசித்தபோது ஊட்டியவரை வேறெப்படி அழைப்பாள்? ஆனால் நாத்தனாரே ஒரு நாள் கண் கலங்கி, "அவ என்னை அப்படிக் கூப்பிடுறப்ப உங்க பொருளைத் திருடி வெச்சிருக்கற மாதிரி இருக்கு அண்ணி. போய் எழுதிக் கொடுங்க" என்றார். அவர் சொல்லியே எழுதுகிறேன். கீழே விழுந்து அழும்போது அவள் கண்கள் ஒரு முறையாவது என்னைத் தேட வேண்டும். எனக்கு இருக்கும் ஆசை இவ்வளவுதான்.

7. ஆகவே, நோயினால் தாமதமாகச் சேர்ந்த தாய்மார்களுக்கு வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து பதினாறு வாரங்களைக் கணக்கிடுமாறும், எனக்கு மீதமுள்ள பத்து வாரங்களை அதே செவிலியரிடம் தொடர அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

8. இன்று காலை வேலைக்குக் கிளம்பும்முன் நாத்தனார் வீட்டில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். மகள் தவழ்ந்து வந்து தன் ஒற்றைச் செருப்பை என் மடியில் வைத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள். போட்டுவிட்டேன். உடனே கழற்றி மறுபடியும் மடியில் வைத்தாள். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. செவிலியருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வேறு வழியில்லை. அருள்கூர்ந்து அந்த இணைப்பைத் திறந்து விடுங்கள்.

நாள்: செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணி (கடையிலிருந்து வீடு வந்து எழுதியது)
இடம்: மேற்கண்ட முகவரி

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
குழந்தையின் தாய்

சாட்சி:
(ஒப்பம்)
குழந்தையை வளர்த்த அத்தை