கனகா கழற்றிய ஷூ

ஜூலை 7, திங்கள்

புழுக்கம். நாலரைக்கு எழுந்து பைபிளில் மூன்று அதிகாரம். காலண்டரில் டிக். இரண்டு வருடமாக ஒரு நாள்கூட விட்டதில்லை, காய்ச்சலிலும்.

மதியம் கம்பெனி கேன்டீனில் வழக்கம்போல் ஐந்து பெண்கள், சாப்பாடு முடிந்து பத்து நிமிடம் வேத வாசிப்பு. நடத்துவது நான். பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்த கனகா இன்றும் சேஃப்டி ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். ஆரம்பாக்கத்தில் நெல் பயிரிடும் குடும்பம், கோயிலுக்குப் போகிறவர்கள். கேட்கணும்போல இருக்கு என்று அவளாக வந்தவள். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். "யாரும்மா இது, ஷூ இல்லாம? இப்டின்னா பிரேயரே வேணாம், நிறுத்திடுங்க." திட்டு எனக்கு.

"ஏன்டி கழட்டினே?"

"சாமி புஸ்தகம்க்கா. கால்ல மாட்டிக்கினு எப்டி தொடறது?"

"இது கோயில் இல்ல. போட்டுக்கோ."

போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மேஜைக்கடியில் மறுபடி கழற்றியிருந்தாள். எரிச்சல்.

ஜூலை 8, செவ்வாய்

வாங்க: துவரம்பருப்பு, சோப்பு, அவருக்கு பி.பி. மாத்திரை.

இன்றைய பகுதி, காணிக்கை வைக்குமுன் மனஸ்தாபம் உள்ளவரோடு ஒப்புரவாவது பற்றி. நன்றாகவே விளக்கினேன். கனகா கேட்டாள்: "அப்போ சண்டையை வெச்சிக்கினு இதைப் படிக்கக் கூடாதாக்கா?" மணி அடிக்கிற நேரம். கூடாதுதான் என்று சொல்லி மூடிவிட்டேன்.

பஸ்ஸில், வாசிப்புக்கு வருகிற எஸ்தர் சொன்னாள், என் தங்கை ஜெயாவைத் திருவள்ளூர் ஸ்டேஷனில் பார்த்தாளாம். என்னை விசாரித்தாளாம். விசாரிப்பாள்! அம்மாவை அடக்கம் செய்த அன்றே அம்மாவின் பைபிளைப் பையில் போட்டுக்கொண்டு போனவள். பக்கத்துக்குப் பக்கம் அம்மா பென்சிலால் எழுதிவைத்தது. மூத்தவள் நான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. இனியும் பேச மாட்டேன்.

ஜூலை 10, வியாழன்

நேற்றும் இன்றும் கனகா வாசிப்புக்கு வரவில்லை. ஓர மேஜையில் தனியாகச் சாப்பிடுகிறாள். அப்போதே தெரியும். ஷூ கழற்றுகிற பயபக்தியெல்லாம் நாலு நாள்தான்.

காலையில் நான்கு அதிகாரம். என்ன படித்தேன்? ஒரு வரி நினைவில்லை. டிக் மட்டும் போட்டிருக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

மழை. கம்பெனி பஸ் லேட்.

கனகா வந்தாள். கண் வீங்கியிருந்தது. எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "ரெண்டு நாளா இன்னா, வேதம் கசக்குதா?"

"இல்லக்கா. எங்க ஓரகத்தியாண்ட வயல் தண்ணிக்கு சண்டை. ரெண்டு போகமா பேச்சில்ல. சண்டையோட படிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நேத்து அவ ஊட்டுக்குப் போனேன். வாசல்லயே நிக்க வெச்சிட்டா. அழுதுக்கினே வந்தேன். காலைல பார்த்தா அவளே எங்க பக்கம் மடையைத் தொறந்து உட்டிருக்கா." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "இப்போ தொடலாம் இல்லக்கா?"

எஸ்தர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஜெயா விஷயம் தெரியும்.

புத்தகத்தைக் கனகாவிடம் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி நாலு வரி படித்தாள். பத்து நிமிடமும் அதற்கே சரியாகிவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை. எனக்கு அவமானம். அதைவிடக் கோபம். முதலில் அவள் மேல். பஸ் ஏறுவதற்குள் என் மேல்.

ஜூலை 12, சனி

நாலரைக்கு எழுந்தேன். திறக்க முடியவில்லை. மூடிய புத்தகத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். ஜெயா மேல் ஆத்திரம் அப்படியே இருக்கிறது, துளி குறையவில்லை. அதோடுதான் ஆறு மணிக்குப் போன் போட்டேன்.

எடுத்தாள். முதலில் பேசியது அவள்தான்: "டீ குட்ச்சியாக்கா?"

இதிலும் முந்திக்கொண்டாள்.

"இன்னும் இல்லடி" என்றேன். அதற்குமேல் அழுகை. அம்மா பைபிள் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை. வைக்கும்போது ஏழு மணி, பஸ்ஸுக்கு ஓட்டம்.

காலண்டரில் இன்று டிக் இல்லை.