கிடை போட்ட பொட்டலில் முளைத்தது

பாசக்கார மாப்ள பாண்டிக்கு,

காதர் மச்சானின் சலாம். நீ போய்ச் சேர்ந்த இடத்தில் மண் எப்படி? கடப்பாரை இறங்குகிறதா? சிரிக்காதே. யாரைப் பார்த்தாலும் முதலில் மண்ணைத்தானே நீ விசாரிப்பாய், எனக்கும் அந்த வியாதி தொற்றிவிட்டது.

கீழவாசலில் தார்ப்பாயும் கயிறும் விற்கிற என்னை வண்டியில் ஏற்றிக் கொட்டாம்பட்டிக்குக் கூட்டிப்போய்க் கல் பொறுக்க வைத்தவன் நீ. புல்கூட முளைக்காத பொட்டலை ஆசைப்பட்டு வாங்கினாய். சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு போட்டாய். பரவை மார்க்கெட்டில் வீணாகும் தழையையும் வாழைச் சருகையும் அள்ளிவந்து வரப்புக்கு மேல்பக்கமெல்லாம் பரப்பினாய். வெயில் மண்ணைத் தொடக்கூடாது என்றாய். ஊரே சிரித்தது, நானும்தான். நீ மட்டும் ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அப்படி என்னதான் மணந்தது?

மாசியில் நீ பொட்டென்று போய்விட்டாய். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஆனையூர் வீட்டில் வைத்து உன் செல்வி என்னிடம் சொன்னாள்: "இந்த மழை வரைக்கும் பாப்பேன்ணே. அதுக்குள்ள மண்ணு மசியலன்னா ப்ளாட் போடுறவருக்குக் குடுத்துருவேன். ஒத்தப் பொம்பள எம்புட்டு நாளைக்கு இந்தப் பொட்டலக் கட்டி அழ?"

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உன்மேல்தான் வந்தது. பாதி வேலையில் எழுந்து போகிற ஆளா நீ? அந்தக் கோபத்தில்தான், "மழை வரைக்கும் நான் பாத்துக்கிர்றேன் தங்கச்சி" என்று வாயைக் கொடுத்தேன்.

வைகாசியில் செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிடைக்காரர்கள் வந்தார்கள். ராத்திரி ஆடுகளை நிலத்தில் அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நல்ல எரு என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது. நானே பேசி அடைக்கச் சொன்னேன். பகலெல்லாம் கண்மாய்க்குள் மேய்ந்துவிட்டு வயிறு புடைக்க வந்து படுக்கும். ஆவணி மழைக்குத் தக்கைப்பூண்டு விதைத்தேன். அது பூக்கும்போது மடக்கி உழுதால் மண்ணுக்குச் சாப்பாடு என்றதும் நீதான்.

புரட்டாசி பிறந்தபோது போய்ப் பார்த்தால், யா அல்லாஹ், பொட்டல் பூராவும் பச்சை! பொடிப்பொடியாய் இலை. செல்விக்கு போன் போட்டு, "ஒடனே பஸ்ஸப் பிடிச்சு வா தங்கச்சி, ஒம்புருசன் செயிச்சுட்டான்!" என்று கத்தினேன். டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னேன்.

செல்வி வந்தாள். குனிந்து ஒரு செடியைத் தடவினாள்.

"அண்ணே, தக்கப்பூண்டுக்கு முள்ளு இருக்குமா?"

"எங்க முள்ளு?"

"கையக் குடுங்க."

குத்தியே காட்டிவிட்டாள் மாப்ள. "இது சீமக்கருவேலம்ணே. பாதிக்கு மேல அதுதான்."

கண்மாயில் உதிர்ந்து கிடந்த சீமைக்கருவேலங்காயைத் தின்ற ஆடுகள், விதையைச் செரிக்காமல் அப்படியே புழுக்கையில் விட்டிருக்கின்றன. காய் உதிரும் காலத்தில் கிடை அடைப்பதென்றால் முதலில் ஆடு எங்கே மேய்கிறது என்றுதான் பார்க்கணுமாம். டீ குடித்தவர்கள்தான் சொன்னார்கள். குடித்து முடித்த பிறகு!

செல்வி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்புக்கு மேல்பக்கம் களை பிடுங்க உட்கார்ந்தாள். எனக்குத் தாங்கவில்லை. "விக்கப்போற நெலத்துக்கு எதுக்கும்மா இம்புட்டுப் பாடு?" என்றேன்.

"விக்கிற வீட்டையும் கூட்டித்தானண்ணே குடுக்கணும்."

அந்த நிலத்தில் தப்பித்தவறி முளைத்த ஒரு செடியை இழுத்தால் தண்டு கையோடு அறுந்து வரும், வேர் அசையாது. உனக்குத் தெரியாததா? இவள் இழுத்த செடி அறவில்லை. ஆணிவேர் நீளமாக, முழுசாக, வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொன்றை இழுத்தாள். அதுவும் அப்படியே வந்தது. வேர் வந்த குழிக்குள் விரலை விட்டாள், அடிவரை இறங்கியது.

"அண்ணே, மண்ணு விட்டுக்குடுக்குதுண்ணே" என்றவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். நீ போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நானும் அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

அதற்குள் எனக்குக் குடைச்சல் ஆரம்பித்துவிட்டது. வரப்புக்குக் கீழ்ப்பக்கம் ஓடி இழுத்துப் பார்த்தேன். அங்கே எல்லாம் பழையபடி அறுந்துதான் வந்தது. அப்படியென்றால் மேலே மண்ணை இளக்கியது எது? வரப்பில் தேங்கிய தண்ணீரா, நீ பரப்பிய சருகா? ஆட்டுப் புழுக்கை இரண்டு பக்கமும்தானே விழுந்தது? நீ இருந்தால் ராத்திரி முழுக்க இதையே பேசிக் கழுத்தறுத்திருப்பாய். இப்போது நான் செல்வியை அறுக்கிறேன்.

பொழுது சாயும் நேரம் ப்ளாட்காரர் போன் பண்ணினார். மண் ஒட்டிய கையாலேயே எடுத்தாள். "இல்லண்ணே, குடுக்கல. களை நெறையாக் கெடக்கு, வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த செடியை இழுத்தாள்.

வரும் மாசியில் உனக்குத் திதி கொடுக்கையில் நான் ஒரு ஓரமாக நின்று துஆ செய்வேன். அது என் ஆசைக்கு. உனக்குத் தருகிற வாக்கு வேறு: கீழ்ப்பக்கத்துச் செடியும் வேரோடு வருகிற வரைக்கும், ஒவ்வொரு வெள்ளியும் தொழுகை முடிந்ததும் கொட்டாம்பட்டி பஸ் ஏறுவேன். செல்வி வரப்பில் நின்று திரும்பிப் பார்த்தால் நான் இருப்பேன்.

இப்படிக்கு,
செல்விக்கு அண்ணன், அதனால் என்றைக்கும் உனக்கு மச்சான்,
காதர்