உப்புப் பார்க்காத கை

மார்ச் 1, சனி

வாரம் முழுக்க ட்ராம் ஓட்டிக் களைத்த கையோடு இன்று வகுப்பைத் தொடங்கினேன். டோர்ட்மண்டில் மத்தியகால வாழ்க்கையை உடுத்திச் சமைத்து நடித்துக்காட்டும் எங்கள் சங்கத்துக்குப் புதிதாக வந்த ஆறு பேருக்கு, எழுநூறு வருடத்துக்கு முந்திய ஏழைகளின் சாப்பாட்டைச் சமைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். பட்டாணிக் கூழ், பார்லிக் கஞ்சி, வெங்காயமும் பழைய ரொட்டியும் போட்ட சூப். செலவு குறைவு, கூட்டத்துக்கே பரிமாறலாம். இதைவிட எளிதான சமையல் உலகத்தில் இல்லை. அதற்கும் ஆறு பேரும் முழிக்கிறார்கள்!

ஒருவர் வெல்வெட் அங்கி போட்டுக்கொண்டு வெங்காயம் உரிக்க வந்தார். இன்னொருவர் உருளைக்கிழங்கு கொண்டுவந்தார். அந்தக் காலத்து ஐரோப்பாவில் உருளைக்கிழங்கு ஏது? சொன்னால் முகம் கோணுகிறது. நிருபமா என்று ஒருத்தி, சென்னைக்காரி, கணினி வேலை. கைப்பையிலிருந்து தராசை எடுத்து மேசையில் வைத்தாள்.

"உப்பு எக்ஸாக்டா எவ்ளோ கிராம்க்கா?"

"கண்ணாலை பாத்துப் போடுங்கோ."

அதையும் குறிப்பேட்டில் எழுதினாள். கடவுளே.

மார்ச் 8, சனி

ஆறு பேரும் ஆளுக்கொரு கரண்டியோடு நக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ருசி பார்க்கத் தடை போட்டுவிட்டேன். இங்கே பக்கத்து ஊன்ட்றொப் அம்பாள் கோயில் அன்னதானத்தில் பதினைந்து வருடம் கிடாரம் கிண்டியவள் நான். அம்பாளுக்குப் படைக்க முதல் யாரும் வாய் வைப்பதில்லை. மணத்திலேயே எனக்கு உப்புத் தெரியும். என் வகுப்பிலும் அதுதான் சட்டம்.

"இங்க சாமிக்குப் படைக்கலையேக்கா?" என்றாள் தராசுக்காரி. வாயைப் பார்!

மார்ச் 14

சங்கத் தலைவி வெரோனிக்கா பேசினாள். ஏப்ரல் 5 ஒத்திகை விருந்து, நாற்பது பேர். அது நன்றாக அமைந்தால் ஜூன் மாதக் கோட்டை முகாமின் சமையலறைப் பொறுப்பு எனக்கு. நான்கு வருடமாகக் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு தாடிக்காரருக்குத்தான் போகும். எனக்கு அது வேணும். வேறென்ன எழுத? வேணும்.

மார்ச் 22, சனி

சூப்பைக் கரியாக்கினார்கள். சூப்பையும் கரியாக்கலாம் என்று இன்றுதான் தெரிந்தது.

ஏப்ரல் 5

பெரிய கிடாரத்தில் பட்டாணிக் கூழ். இறக்கும் நேரம் உப்பை அள்ளினேன். நிருபமா என் கையைப் பிடித்தாள்.

"வேணாம்க்கா. ஏற்கெனவே மூணு பேர் போட்டாச்சு."

குறிப்பேட்டைக் காட்டினாள். 10.40, வெல்வெட் அங்கி. 11.05, உருளைக்கிழங்கு. 11.30, இன்னொருவர். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது, ருசி பார்க்கத்தான் தடையே. எல்லாரும் கண்ணால் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள், நான் சொன்னபடியே. மணத்தில் தெரியும் என்றவளின் மூக்கு எங்கே போனது?

"ஒளிஞ்சு டேஸ்ட் பண்ணேன். சாரிக்கா. ஒரே கடல் தண்ணி."

நான் யோசிப்பதற்குள், உப்பில்லாமல் வெந்திருந்த பார்லி முழுவதையும் அதில் கொட்டிக் கிளறினாள். பழைய ரொட்டியையும் பிய்த்துப் போட்டாள். நாற்பது பேரும் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்கள்.

"ருசி பார்க்காமலே இப்படி ஒரு கூழா! முகாம் உனக்குத்தான்" என்றாள் வெரோனிக்கா.

நிருபமா பக்கத்தில் கிடாரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வெரோனிக்காவுக்கு நன்றி சொன்னேன். சீ.

ஏப்ரல் 6

அவளின்ரை கெட்டித்தனத்துக்கு நான் பேர் வாங்கிக்கொண்டு நிக்கிறன். வெக்கமில்லையே எனக்கு? ஆனால் நாலு வருஷம் — சொன்னால் எல்லாம் போயிடும். ஐந்து வாரமாக ஆறு பேரையும் மடையர் போல எழுதினேன். ஏழாவது ஆள் ஆரடி?

ஏப்ரல் 9

வெரோனிக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முகாம் பட்டியலை எடுத்து என் பெயரை வெட்டினாள். பிறகு, "அப்படியானால் பொறுப்பு அவளுக்கு. நீ அவளுக்கு உதவியாக நிற்பாயா?" என்றாள்.

ஓம் என்று சொல்லிவிட்டேன். தராசுக்காரிக்குக் கீழே நான்!

ஜூன் 7, சனி

கோட்டை முற்றம். நூற்றிருபது பேர். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குத் தெரியாமல் தராசைச் சாக்குத் துணியால் மூடி வைத்திருக்கிறாள், கள்ளி. வெல்வெட் அங்கி இன்றைக்கும் வெல்வெட் அங்கிதான். விளிம்பில் இரண்டு இடத்தில் நெருப்புப் பிடித்தது.

கூழ் கொதித்ததும் நிருபமா அகப்பையை என் பக்கம் நீட்டினாள்.

"உப்பு பாருங்கக்கா."

பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அடுப்படியில் வாய் வைத்தேன். சரியாக இருந்தது. ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதுதான் எரிச்சல். இன்னொரு அகப்பை வாங்கிக் குடித்தேன்.